மருந்தான பாஷாணம்



இரத்தத்திற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உண்டு. குழாய்க்குள் ஓடும் வரையில் அது உறையலாகாது. குழாய் அறுந்த இடத்தில் உறையாமல் இருக்கலாகாது. இந்தச் சமநிலை பிறழும்போது விளையும் நோய்கள் ஒரு வகை. இரத்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்கள் மற்றொரு வகை. இவ்விரு கேடுகளும் ஒரே மனிதனிடம் ஒரே வேளையில் வந்து சேர்வதும் உண்டு. அத்தகைய நோய் ஒன்றைப் பற்றியும், அதனை வென்ற ஆராய்ச்சியில் நம் வேலூர் கொண்ட பங்கைப் பற்றியும் இன்று பேசக் கருதுகிறோம்.

அந்நோய்க்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லூக்கீமியா என்று பெயர். 1957-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் என்பவர் மூன்று நோயாளிகளைக் கண்டு, இது தனியொரு நோய் என்று எழுதினார். இரத்தப் புற்றுநோய்களுள் இதுவே மிக விரைந்து கொல்வது என்று அவர் கருதினார். ஈறுகளில் கசிவு, மூக்கில் ஒழுக்கு, தோலில் அடிபடாமலே கன்றிய திட்டுக்கள், பெண்களுக்கு அளவுக்கு மீறிய மாதவிலக்கு என்று தொடங்கி, சில வாரங்களிலேயே, சில சமயம் சில நாட்களிலேயே, மூளையில் இரத்தம் கசிந்து நோயாளி இறப்பார். முதுமையில்தான் வரும் என்பதில்லை. இளைஞரையும் நடுவயதினரையும் மிகுதியாகப் பற்றுவது இதன் இயல்பு.

இது எவ்வாறு நிகழ்கிறது? எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணு படிப்படியாக வளர்ந்து முதிர்ந்து இரத்தத்தில் இறங்கவேண்டும். இந்நோயில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேனட் ரௌலி இதைக் கண்டறிந்தார். துண்டுகள் மாறி ஒட்டியதால் பிறக்கும் கலப்புப் புரதம், அணுவை முதிர விடாமல் பாதி வழியில் நிறுத்தி விடுகிறது. முதிராத அவ்வணுக்கள் மஜ்ஜையை நிரப்புகின்றன. அவற்றுக்குள் நெருங்கிக் கிடக்கும் துகள்களிலிருந்தும் அவற்றின் மேற்பரப்பிலிருந்தும் வெளிப்படும் பொருள்களே இரத்தத்தின் ஒழுங்கைக் குலைப்பவை. ஒருபுறம் அவை உறைதலைத் தூண்டி, உறைவதற்கு வேண்டிய பொருள்களையெல்லாம் வீணே செலவழித்து விடுகின்றன. மற்றொரு புறம், உறைந்ததைக் கரைக்கும் சக்தியையும் பெருக்குகின்றன. தட்டணுக்களோ ஏற்கெனவே குறைந்துவிட்டன. வரவு நின்று செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான்.

இத்தகைய அணுக்களைக் கொல்ல நஞ்சு போன்ற மருந்துகளைத் தருவதே பழைய முறை. அவ்வாறு கொல்லும்போது அணுக்கள் உடைந்து, உள்ளிருப்பவை ஒருசேரக் கொட்டி, இரத்தப் போக்கு இன்னும் மிகும். ஷாங்காய் நகரத்து வாங் ஜென்யீ என்னும் மருத்துவர் வேறு விதமாக எண்ணினார். முதிராமல் நின்றதுதான் குற்றமென்றால், முதிரச் செய்தால் என்ன? வைட்டமின் ஏ-யின் வழித்தோன்றலான ரெட்டினாயிக் அமிலத்தை 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் தந்தார், அவள் பிழைத்தாள். 1988-இல் அவருடைய குழுவினர் 24 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். அனைவருக்கும் நோய் ஒடுங்கியிருந்தது. பகைவனைக் கொல்லாமல், வளர்த்துத் திருத்தி அனுப்பிவிட்டது போன்ற இம்முறை மருத்துவ உலகையே வியப்பில் ஆழ்த்தியது.

இரண்டாவது மருந்தின் கதை இன்னும் விந்தையானது. சீனாவின் வடகோடியில் உள்ள ஹார்பின் நகரில், நாட்டு வைத்திய மருந்தொன்றை ஜாங் டிங்டாங் என்பவர் 1970-களில் ஆராய்ந்தார். அதில் பாஷாணம், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு ஆகியவை கலந்திருந்தன. பிரித்துப் பார்த்ததில் பயன் தருவது பாஷாணமே என்று தெரிந்தது. நம்முடைய சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் ஆர்சனிக் டிரையாக்ஸைடுதான் அது. ரெட்டினாயிக் அமிலம் கலப்புப் புரதத்தின் ஒரு பாதியைப் பற்றுகிறது. பாஷாணம் மறு பாதியைப் பற்றி, அப்புரதத்தையே அழியச் செய்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். மருத்துவமனையில் தரப்படுவது தூய்மை செய்து, துல்லியமாக அளந்து, இரத்த நாளத்தின் வழியே செலுத்தப்படும் மருந்து. இதயத் துடிப்பின் வரைபடத்தையும் இரத்தத்தில் உள்ள பொட்டாசியம், மக்னீசியம் முதலிய உப்புக்களையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே அதைக் கொடுக்கிறார்கள். பாஷாணம் நல்லதாம் என்று கேட்டுவிட்டு எவரேனும் கடையில் பொடி வாங்கித் தின்றால், அதன் பழைய குணத்தைத்தான் காண்பார்.

இனி வேலூருக்கு வருவோம். 1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரையில், அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறையினர் புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக் மருந்து ஒன்றை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு சிகிச்சை அளித்தனர். அந்நாளில் மேல்நாடுகளில் பாஷாணம் நோய் திரும்பியவர்களுக்கு மட்டுமே உரிய மருந்து. முதல் சிகிச்சையாகவே அதைத் தரத் துணிந்ததற்கு, விலையுயர்ந்த மருந்துகளும் நெடுநாள் மருத்துவமனை வாசமும் நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு எட்டாதவை என்ற நிலையும் ஒரு காரணம். 2006-இல் முடிவுகள் வெளிவந்தன. 72 பேரில் 62 பேருக்கு நோய் முற்றிலும் ஒடுங்கியது. நோய் ஒடுங்கிய பின்னர்த் தொடர்ந்த சிகிச்சையைப் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே பெற்றுக் கொண்டனர். நோய் காணும்போதே வெள்ளணுக்கள் குறைவாகவும் தட்டணுக்கள் ஓரளவேனும் எஞ்சியும் இருந்த 22 பேரில், அறிக்கை எழுதிய காலம் வரை ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை, ஒருவரும் இறக்கவில்லை.

அதே குழுவினர் நான்கு ஆண்டுகள் கழித்து, 2010-இல், அந்த 72 பேரின் பிற்கால நிலையையும் வெளியிட்டனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வோரின் கணக்கு ஏறத்தாழ 74 விழுக்காடாக இருந்தது. முந்திய அறிக்கையில் மூன்றாண்டுக் கணக்கு 86. தொகை இறங்கினாலும் அதையும் எழுதி வைத்தார்களே, அதனை நாம் மிகவும் மதிக்கிறோம். ஆராய்ச்சி என்பது வெற்றி விழா அன்று, கணக்குப் புத்தகம்.

பின்னர் இத்தாலி, ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அபாயம் குறைந்த நிலையில் இருந்த நோயாளிகளைச் சீட்டுப் போடுவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரெட்டினாயிக் அமிலமும் பாஷாணமும், மறு பிரிவுக்கு ரெட்டினாயிக் அமிலமும் பழைய கொல்லி மருந்துகளும் தந்தனர். 2013-இல் வெளிவந்த முடிவின்படி, முதற்பிரிவில் கணக்கெடுத்த 77 பேருக்கும் நோய் ஒடுங்கியது. இரண்டாண்டுக் காலம் நோயின் இடையூறின்றி வாழ்ந்தவர் முதற்பிரிவில் 97 விழுக்காடு, மறு பிரிவில் 86 விழுக்காடு. கொல்லி மருந்தே இல்லாமல் தீவிரமான ஓர் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்கலாம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

சீட்டுப் போட்டு மனிதரைப் பிரிப்பதா என்று சிலர் மனம் கசக்கலாம். இரண்டில் எது சிறந்தது என்று உண்மையாகவே தெரியாதபோதுதான் அவ்வாறு செய்ய இடமுண்டு. நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சி எதுவும், 2007-இல் ஏற்பட்ட தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்பட வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். நோயாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். வேற்று மாநிலத்து மருத்துவமனையில் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ ஒரு தாளை நீட்டினால், தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கையெழுத்திட்ட பின்னும் எந்த நாளிலும் விலகிக் கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது.

இவ்வளவு நல்ல மருந்துகள் இருந்தும் இந்நோயில் மக்கள் ஏன் இறக்கிறார்கள்? பெரும்பாலும் மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் இரத்தம் கசிந்தே இறக்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே வாழும் நம்மவர்க்கு இது மிகவும் வேண்டிய செய்தி. டில்லியிலோ மும்பையிலோ உடம்புக்குப் பெரிதாக ஏதேனும் வந்துவிட்டால், "ஊருக்குப் போய் நம் மனிதர்களுக்கு நடுவே பார்த்துக் கொள்ளலாம்" என்று ரயிலுக்குச் சீட்டெடுப்பது நம் வழக்கம். பல நோய்களுக்கு அது பொருந்தும். சமைத்துப் போடவும் அருகில் அமரவும் ஆளிருப்பது சிறிய உதவி அன்று. இந்நோய்க்கு அது பொருந்தாது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் கழிவதற்குள் மூளையில் கசிவு ஏற்பட்டுவிடலாம். வேலூர் நற்பெயர் பெற்ற இடந்தான். ஆயினும் அந்த நாளில் அருகிலிருக்கும் மருத்துவமனையே சிறந்த மருத்துவமனை. மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனையும், டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், கொல்கத்தாவில் டாடா மருத்துவ மையமும் இந்நோயை நன்கறிந்தவை. நோய் இதுவோ என்ற ஐயம் எழுந்த உடனேயே, குரோமோசோம் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக் கொண்ட விதி. அதனோடு தட்டணுக்களையும் உறைபொருள்களையும் நாள்தோறும் ஏற்ற வேண்டியிருக்கும். அவற்றைத் தருவோர் மனிதரேயன்றி வேறெவரும் இலர். உறவினர் தொலைவில் இருப்பவர்க்கு, அலுவலக நண்பரும் தமிழ்ச் சங்கத்தாருமே அவ்வேளையில் உறவினர்.

காலத்தை வெல்லும் வழியும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. பிரேசில் நாட்டில் இந்நோய் கண்டோரில் 32 விழுக்காட்டினர் தொடக்கத்திலேயே இறந்து வந்தனர். பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே நாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடி, சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் சோதனையை ஏற்படுத்தி, இரத்தப் பொருள்களை ஏற்றும் முறையை ஒரே சீராக்கி, தொலைவிலிருந்தே அனுபவமிக்க வல்லுநர்களுடன் கலந்து பேசினர். புது மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. 2013-இல் வெளிவந்த அவர்களது கணக்கில், 180 பேரில் அவ்வாறு இறந்தோர் 27 பேர், அதாவது 15 விழுக்காடு.