கலைமகளும் திருமகளும் குடியிருக்கும் கடை



நம் ஊரில் யாராவது புத்தகக் கடை வைக்கப் போகிறேன் என்று வாயெடுத்தால், வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்வார்கள்: "கலைமகள் இருக்கிற இடத்துல திருமகள் தங்கமாட்டா. யோசிச்சு இறங்குப்பா." அந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத் தங்கவைத்திருக்கும் ஒரு கடைக்கு இன்று உங்களைக் கூட்டிப் போகிறேன். டோக்கியோவில் இருக்கிறது. குழந்தைகளுக்கான புத்தகக் கடை, பொம்மைக் கடை, கூடவே காய்கறிக் கடை. ஆம், காய்கறிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷின்ஜுகு நிலையத்தில் ஏறிக்கொள்வோம். ஆரஞ்சுப் பட்டை போட்ட சூவோ தடத்து ரயில். மேற்கே கால் மணி நேரம் போனால் கிச்சிஜோஜி. இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கிச்சிஜோ' என்றால் மங்கலம். 'ஜி' என்றால் கோயில். நம் திருமகளை ஜப்பானியர் 'கிச்சிஜோதென்' என்கிறார்கள். பௌத்தத்தோடு கடல் கடந்து போனவள் அவள். சரி, அந்த மங்கலக் கோயில் எங்கே என்று ஊருக்குள் இறங்கித் தேடினால் கிடைக்காது. இந்த ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை!

கதை இதுதான். 1657-இல் எடோ நகரத்தை, அதாவது அன்றைய டோக்கியோவை, ஒரு பெருந்தீ தின்று தீர்த்தது. கிச்சிஜோஜி கோயில் வாசலில் குடியிருந்த மக்கள் வீடிழந்து, மேற்கே இந்தக் காட்டுப் பக்கம் வந்து நிலம் திருத்திக் குடியேறினார்கள். கோயில் நகரத்திலேயே வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. கோயிலை எடுத்துவர முடியாதவர்கள் அதன் பெயரை மட்டும் எடுத்துவந்தார்கள். கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நாம் சொல்வோம். இவர்கள் கோயில் பெயரிலேயே குடியிருக்கிறார்கள்.

நிலையத்தின் தெற்கு வாசலில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் இனோகாஷிரா பூங்கா. 1917-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நடுவே நீளமான குளம். குளத்தின் ஓரமாகத் தண்ணீருக்குள் சிறிய கோயில். உள்ளே இருப்பவள் பென்சாய்தென், நம் கலைமகள். வீணைக்குப் பதிலாக அவளைப் பீவா என்ற நரம்புக் கருவியோடு வரைவது ஜப்பானிய வழக்கம். இந்தக் குளத்தில் படகு விடுகிற காதலர்களைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டுப் பிரித்துவிடுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை படகு காலியாக இருப்பதில்லை.

ஆக, ஊரின் பெயர் திருமகளை நினைவூட்டுகிறது, குளம் கலைமகளுடையது. இனி வடக்கு வாசலுக்குப் போவோம். நிலையத்தை ஒட்டி 'ஹார்மோனிகா சந்து'. போர் முடிந்த காலத்தில் கள்ளச் சந்தையாக முளைத்தது. வாத்தியத்தின் துளைகள் மாதிரி வரிசையாகக் குட்டிக் குட்டிக் கடைகள். அதைத் தாண்டி, கூரை போட்ட கடைத்தெருவையும் தாண்டி நடந்தால் நாம் தேடி வந்த இடம்: கிரேயான் ஹவுஸ்.

நேயர்களே, படம் காட்ட முடியாத வானொலியில், படப் புத்தகக் கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதனால் காதால் உள்ளே போவோம். முதலில் கேட்பது மரச் சத்தம். 'டொக்... டொக்... டொக்...' சாய்வாக அடுக்கிய மரத் தடத்தில் ஒரு குண்டு உருண்டு படிப்படியாக இறங்குகிறது. கீழே வந்து நின்றதும் ஒரு வினாடி அமைதி. மறுபடி 'டொக்'. உருட்டிவிடும் ஆளுக்கு வயது இரண்டு இருக்கலாம். அப்பா பக்கத்தில் குந்தியிருக்கிறார். நானும் நின்றேன். பதினோரு தடவை எண்ணினேன். கடைக்காரப் பெண் ஒருவர் கடந்து போனார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குத்தான் படபடப்பு. அவர் குனிந்து, தரையில் ஓடிப்போன இன்னொரு குண்டை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஏன் படபடப்பு என்றால், நான் வளர்ந்த ஊரின் பொம்மைக் கடையில் ஒரே ஒரு சட்டம்தான்: "தொட்டா வாங்கணும்." கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பொம்மை இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வர வேண்டும். இங்கே தொடுவதற்கென்றே சாமான்களை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மரம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக் கட்டைகளும் உண்டு, உள்நாட்டுச் சாமான்களும் உண்டு. ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு மழுங்க இழைத்திருக்கிறார்கள். வாயில் வைத்தாலும் கிழிக்காது. நம் நடைவண்டியும் மரப்பாச்சியும் சொப்பும் இதே கணக்கில் செய்தவைதான். பிள்ளையின் வாய்க்குப் போகும் என்று தெரிந்தே தச்சர் செய்தார்.

புத்தகப் பக்கம் வருவோம். குழந்தைக்கு எழுத்து தெரியாது, அட்டை தெரியும். அதனால் பல புத்தகங்கள் முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிற்கின்றன. உட்கார்ந்து படிக்கவும் இடம் உண்டு. ஒரு பாட்டி பேத்திக்கு வாசித்துக்கொண்டிருந்தார். என் ஜப்பானிய மொழி அரைகுறை. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு மொழியே வேண்டாம். "இனாய், இனாய்..." என்று பாட்டி இழுக்கிறார். படத்தில் ஒரு பூனை முகத்தை மூடியிருக்கிறது. பக்கம் திரும்புகிறது. "பா!" பூனை கையை எடுத்துவிட்டது. 'இல்லை, இல்லை, இதோ!' என்று பொருள். நாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பிள்ளையிடம் 'பே' என்போமே, அதேதான். 1967-இல் மாத்சுதானி மியோகோ எழுதி, செகாவா யாசுவோ வரைந்தது. 70 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. ஜப்பானில் இதைவிட அதிகம் விற்ற படப் புத்தகம் இல்லை.

பக்கத்தில் இன்னொரு பழைய முகம். எரிக் கார்ல் எழுதிய, பசி தீராத கம்பளிப்பூச்சியின் கதை. அமெரிக்கப் புத்தகமாயிற்றே என்பீர்கள். 1969-இல் அதன் முதல் பதிப்பு அச்சானது ஜப்பானில். பூச்சி தின்ற இடமெல்லாம் தாளில் ஓட்டை விழ வேண்டும், பக்கங்கள் வேறு வேறு அகலத்தில் இருக்க வேண்டும். கட்டுப்படியாகிற செலவில் அதைச் செய்துதர அமெரிக்காவில் அச்சகம் அமையாமல், ஜப்பானியப் பதிப்பகம் ஒன்று கைகொடுத்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எந்த வயதிலும் அந்த விரல் தானாகப் போய்விடும் போலிருக்கிறது.

டோட்டோ சானும் இருந்தாள். 1981-இல் தெத்சுகோ குரோயானகி எழுதிய அந்த ஜன்னலோரச் சிறுமியைத் தமிழிலும் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இந்தக் கடையைத் தொடங்கியவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு வானொலிக்காரர். பெயர் கெய்கோ ஓச்சியாய். 1945-இல் பிறந்தவர். 1967-இல் டோக்கியோவின் பண்பாட்டு ஒலிபரப்பு நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். பின்னிரவு நிகழ்ச்சியில் அவர் குரல் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அவரை 'லெமன் சான்' என்று செல்லமாகக் கூப்பிட்டது. 'ஒரு கரண்டி மகிழ்ச்சி' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகள் ஏராளமாக விற்றன. 1974-இல் வேலையை விட்டார். எழுத்தில் வந்த பணத்தைப் போட்டு 1976-இல் இந்தக் கடையைத் திறந்தார். ஒலிவாங்கி முன்னால் உட்காருகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று முகம் தெரியாது. அந்த முகங்களைப் பார்க்கத்தான் அவர் ஒரு வீட்டைக் கட்டினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவர் சொன்னதல்ல.

இனி வரவு செலவுக்கு வருவோம். அங்கேதானே திருமகள் இருக்கிறாள்.

ஜப்பானில் புத்தக வியாபாரத்துக்கு ஒரு தனி முறை. பதிப்பாளர் அச்சிட்ட விலைக்குத்தான் நாடு முழுக்க விற்க வேண்டும். 1953-இலிருந்து இந்த ஏற்பாடு. நம் புத்தகக் காட்சிகளில் பத்து சதவீதக் கழிவு வாங்கிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் பெரிய கடை கழிவு கொடுத்துச் சின்னக் கடையைச் சாய்க்கும் வேலை அங்கே எளிதல்ல. விற்காததை மொத்த விநியோகஸ்தரிடம் திருப்பியும் அனுப்பலாம். இவ்வளவு இருந்தும் கடைக்காரர் கையில் பொதுவாக நிற்பது விலையில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஆயிரத்துச் சொச்சம் யென் படப் புத்தகத்தில் வாடகைக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். 2022-இல் எடுத்த கணக்கின்படி அந்த நாட்டின் நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரு புத்தகக் கடைகூட இல்லை.

இன்னொரு கணக்கு இதைவிடக் கனமானது. கடை திறந்த 1976-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்துக்கு மேல். 2022-இல் 8 லட்சத்துக்கும் கீழே. குழந்தைகளுக்கென்றே நடக்கும் கடையில் வாடிக்கையாளரே பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள். எப்படித் தாக்குப்பிடிப்பது?

இங்கேதான் காய்கறி வருகிறது. ஒரு வீட்டுக்குப் புத்தகம் மாதம் ஒன்று போதும். பொம்மை பிறந்தநாளுக்கு. கேரட்டும் முட்டைக்கோஸும் தினமும் வேண்டும். ரசாயனம் போடாமல் விளைந்த காய்கறியும், அதை வைத்துச் சமைக்கும் உணவகமும் இந்தக் கடையில் பல ஆண்டுகளாக உண்டு. பிள்ளைக்கு நல்ல புத்தகம், வாயில் வைக்க நல்ல கட்டை என்று தேடுகிறவர்கள், தட்டில் விழுவதையும் கேட்கத்தானே செய்வார்கள்? கீரை வாங்க வந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தகம் பக்கம் ஒரு நடை வருவார். பொம்மைக்குப் புத்தகம் மாதிரி விலைக்கட்டு இல்லாததால் அதில் வேறு கணக்கு. மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. உணவகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிரோபா'. பொதுத்திடல் என்று பொருள். நம் ஊரில் மந்தை என்போமே, அது.

மந்தை என்றால் சும்மா உட்காரவும் இடம், ஊர்ப் பேச்சுக்கும் இடம். பெண்களுக்கான புத்தகங்களுக்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். பிள்ளை வளர்ப்புக்கு ஒரு மாத இதழ் நடத்தினார்கள். பிள்ளையின் வயதுக்கு ஏற்ற புத்தகத்தை மாதாமாதம் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, பாதித்த பகுதிகளின் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் அனுப்பினார்கள். காலை நேரத்தில் அணுமின்சாரம் பற்றிய வகுப்புகளும் தொடங்கினார்கள். அறிஞர்கள் வந்து பேச, கடைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஓச்சியாய் அணு உலைக்கு எதிரான இயக்கத்தில் வெளிப்படையாக நிற்பவர். கடைக்காரருக்கு எதற்கு அரசியல் என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிள்ளை வாயில் வைக்கும் கட்டையின் சாயத்தைக் கவலையோடு பார்க்கிறவர், அந்தப் பிள்ளை மூச்சு விடும் காற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பாரா?

கடை வெகுகாலம் இருந்தது இங்கே அல்ல. டோக்கியோவின் ஓமோதேசாந்தோ பக்கம், உலகத்தின் விலை உயர்ந்த துணிக்கடைகளும் கைப்பைக் கடைகளும் வரிசைகட்டி நிற்கும் வட்டாரத்தில். 2022 கடைசியில் அங்கிருந்து கிளம்பி, குடும்பங்கள் நிறைந்த இந்தக் கிச்சிஜோஜிக்கு வந்தது. அப்போது ஓச்சியாய்க்கு வயது 77. அந்த வயதில் நம்மவர்கள் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர் மூட்டை கட்டிப் புது இடத்தில் கடை விரித்தார். பெயரை மட்டும் கையோடு எடுத்துவந்து வாழ்ந்து காட்டியவர்களின் ஊர் இது. வந்து சேர்ந்த இடம் பொருத்தம்தான்.

புறப்படும்போது நானும் கொஞ்சம் வாங்கினேன். பாட்டி வாசித்த அதே புத்தகம். கூடவே, விடுதி அறையில் கடித்துத் தின்ன இரண்டு கேரட். ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஜப்பானிய ரயிலில் பேச்சுச் சத்தமே இருக்காது. கைப்பேசியில்கூடப் பேசமாட்டார்கள். எதிரே அம்மா மடியில் ஒரு குழந்தை என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. கேரட்டைப் பார்க்கிறது என்று நினைத்தேன். இல்லை, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அட்டையை. நான் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்து, மெதுவாக, ரகசியம்போல, "இனாய், இனாய்..." என்றேன்.

நான் முடிக்கவில்லை. அந்த அமைதியான பெட்டி முழுவதும் கேட்கும்படி அந்தக் குழந்தை சொன்னது: "பா!"