வவுனியாக் குளத்தின் அலைகரை

இன்றைக்கு நாங்கள் தூர இடம் எதற்கும் போகவில்லை. வவுனியாக் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய வவுனியாக் குளத்துக்குத்தான் போகிறோம். வவுனிக்குளம் வேறு, அது முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலியாற்றை மறித்துக் கட்டியது. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் வெளியூர்க்காரர் குழம்புவதுண்டு.

போகும் வழியில் பஸ்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே வாருங்கள். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோயில்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம். இப்போது அங்கெல்லாம் மாடி வீடும் தனியார் வகுப்பும் மருந்துக்கடையும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் வன்னியில் ஊர் என்றால் முதலில் குளம், பிறகு வயல், அதற்குப் பிறகுதான் வீடு. மேலே உள்ள குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வயலூடாக இறங்கி அடுத்த குளத்தை நிரப்பும். உலர்வலயத்துத் தொடர்குள முறையை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலகம் காக்க வேண்டிய விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. எங்கள் முன்னோர் மண்வெட்டியோடு நின்று செய்த வேலை அது.

காலை ஆறு மணி. குளக்கட்டில் நிற்கிறோம். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்கிறது. முன்னால் தாமரை இலைகள். அந்த இலைகளின் மேல், தண்ணீரில் நடப்பதுபோல, நீண்ட வாலோடு ஒரு பறவை போகிறதே, அதுதான் இலைக்கோழி. கால் விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் இலை தாழ்வதில்லை. இந்த இனத்தில் முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்ப்பதும் ஆண் பறவை. கொஞ்சம் தள்ளி, பட்டுப்போன மரக்கிளையில் நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காய வைக்கிறது. நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டு நத்தை தேடுகிறது. அதன் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தை தின்பதற்கென்றே அமைந்த அலகு.

இனிக் கட்டை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போவோம். அங்கேதான் நான் உங்களுக்குக் காட்ட வந்த இடம் இருக்கிறது: அலைகரை. கார்த்திகையில் தண்ணீர் ஏறி மூடும். ஆடி ஆவணியில் வற்றிப் புல்வெளியாகக் கிடக்கும். மாடுகள் மேயும், அவற்றின் காலடியில் உண்ணிக்கொக்குகள் திரியும், பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். வெறும் காணிபோலத்தான் தெரியும். ஆனால் மாரித் தண்ணீர் ஏறியதும் மீன்கள் முட்டையிட நாடி வருவது இந்த ஆழமில்லாத புல்லுக்குள்தான். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காப்பது இங்கேதான். மழைவெள்ளம் கொண்டுவரும் மண்ணையும் அழுக்கையும் கோரையும் சம்பும் பிடித்து வைப்பதும் இங்கேதான். கரையில் வேர் பரப்பி நிற்கும் மருதமரம் மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

வெறும் காணிபோலத் தெரிவதுதான் அலைகரைக்கு வந்த கேடு. இந்தக் குளத்தின் ஒரு பகுதியை மண் கொட்டி நிரப்பிப் பொழுதுபோக்குப் பூங்கா அமைத்தபோது ஊரவர் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்குப் பூங்கா வேண்டும்தான். அதற்காகக் குளத்தைக் குறைக்கக்கூடாது. குளக்கட்டில் நடந்துவந்த ஒரு முதிய விவசாயியிடம் கேட்டேன். "தம்பி, நீங்கள் மண்ணைக் கொட்டினால் தண்ணிக்கு இடம் இல்லாமல் போகாது, அது உங்கட வீட்டுக்குள்ள வந்து இடம் பிடிக்கும்" என்றார்.

குளத்துக்குக் கேடு மண் மட்டும் அல்ல. தண்ணீரில் மிதக்கும் ஊதாப் பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஆற்றுவாழை, தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. நகரத்துக் கழிவுநீர் கலக்கக் கலக்க அதற்குக் கொழுப்பு ஏறும். தண்ணீரை மூடி, கீழே வெளிச்சமும் காற்றும் போகாமல் செய்துவிடும்.

குளத்தை நிரப்பாமல் பூங்கா அமைக்க வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குக் கொழும்பைச் சொல்லலாம். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதல் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் சதுப்பை மூடாமல், அதற்கு மேலே கால் ஊன்றிப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சனங்கள் மேலே நடக்கிறார்கள், தண்ணீரும் பறவையும் கீழே தம்பாட்டில் இருக்கின்றன. அதை இங்கே செய்ய முடியாது என்று எவரும் சொல்லமுடியாது.

நேயர்களே, தை பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் குளத்துக்கு வாருங்கள். தண்ணீர் எந்த மருதமரம் வரை ஏறி நிற்கிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். ஆவணியில் மறுபடி வந்து அதே மரத்தடியில் நில்லுங்கள். அந்த இடத்தில் லொறி மண் கொட்டக் கண்டால், அன்றைக்கே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.