அடிவயிற்று வலியை மறைக்காதீர்கள்

(அறவாரியத்தின் மகளிர் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



கோயில் மண்டபத்தில் பேசுகிற விஷயமா இது என்று இரண்டொருவர் என்னிடம் கேட்டார்கள். எங்கும் பேசாமல் இருந்ததால்தான் நம் பெண்கள் பலர் பெரும்பாடு பட்டார்கள். ஆகவே பேசுகிறேன்.

நான் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சுமந்து வந்த தாய்மார்களைப் பார்த்து வளர்ந்தவள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. அடிவயிறு வலித்தால் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். தோட்டத்து டிரெசர் ஓர் ஆண். அவரிடம் "வயிற்று வலி" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு புட்டி மருந்தோடு திரும்புவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வீடு வந்தது. வாய் திறக்காத பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சினைப்பை கருப்பையின் இரு பக்கமும் பாதாம் பருப்புப் போல இருப்பது. மாதந்தோறும் அதில் ஒரு சிறு நீர்ப்பை வளர்ந்து, சுமார் 2 சென்டிமீட்டர் ஆனதும் வெடித்து முட்டையை வெளிவிடுகிறது. வெடிக்காமல் நின்று பெருத்தால் அதுவே நீர்க்கட்டி. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே வற்றிவிடும். ஸ்கேன் தாளில் கட்டி என்று கண்டதும் புற்றுநோய் என்று அழத் தேவையில்லை.

வேறொரு வகைக் கட்டிக்குள் முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சில வேளைகளில் பல்கூட இருக்கும். இதைக் கேள்விப்பட்டுச் "செய்வினை" என்று மந்திரவாதியிடம் ஓடியவர்களை நான் அறிவேன். முட்டையாக வேண்டிய அணுவுக்கு உடலின் எல்லா உறுப்பையும் உண்டாக்கும் ஆற்றல் உண்டு. அது காலமில்லாக் காலத்தில் வளரத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இதில் யாருடைய ஏவலும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணமாகாத பெண் ஒருத்தியை அவள் தாயார் அழைத்து வந்தார். வயிறு ஆறு மாதம் போல் இருந்தது. லயம் முழுக்கப் பேச்சு. தகப்பனார் மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பரிசோதித்தால், சினைப்பைக் கட்டி! அறுவை நடந்த அன்று அவர் வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்கு முகமில்லை. கட்டியை மருத்துவர் எடுத்துவிட்டார். ஊர் வாயை யார் மூடுவது? அந்தக் குடும்பம் வேறு தோட்டத்திற்கு மாறிப் போயிற்று.

இந்தத் தவறான கணிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற தாயாருக்கு, நாள் கடந்த கர்ப்பம் என்றே நினைத்தார்கள். கட்டி என்று கண்டவர் எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர். அந்தத் தாயார் 60 மைல் குதிரையில் பயணம் செய்து அவர் வீட்டுக்கு வந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். வயிற்றைத் திறந்து இருபத்திரண்டரைப் பவுண்டு எடையுள்ள கட்டியை எடுத்தார்கள். அவர் பிழைத்து 1842 வரை வாழ்ந்தார். இன்று மலாக்காவிலேயே சிறு துளைகள் வழியாகக் கட்டியை எடுக்கிறார்கள்.

"மாதவிலக்கென்றால் வலிக்கத்தான் செய்யும், கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியம்மாக்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இயல்பானதன்று. கருப்பையின் உள்சவ்வு போன்ற சவ்வு வெளியே சினைப்பையிலும் குடலருகிலும் வளர்வதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறத்தில் கட்டியாகும். பிள்ளைப்பேறும் தடைபடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. பிள்ளை இல்லை என்று மருமகளை ஏசுவதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் இந்நோயாளிகளுக்காக மைஎண்டோசிஸ் என்ற சங்கமும் இயங்குகிறது.

ஒரு பக்கத்தில் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் அந்தச் சினைப்பையே போய்விடலாம். ஓமத் தண்ணீரும் ஒத்தடமும் அதற்கு உதவா. அதுபோல, மாதவிலக்கு நின்ற பிறகு வயிறு உப்புவது, கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் பிரிவது ஆகியவை வாரக் கணக்கில் நீடித்தால், அது வாயுவென்று விட்டுவிடலாகாது. சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

கன்னிப் பெண்ணை எப்படிப் பரிசோதிக்க விடுவது என்று தயங்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். வயிற்றின் மேலேயே கருவியை வைத்து ஸ்கேன் எடுக்கலாம். மணமாகவில்லை என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றாலும் கேளுங்கள். முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், தேவைப்படும்போது மலாக்கா மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். மருத்துவர் முதலில் கேட்பது, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்பதைத்தான். நம் பெண்கள் "தைப்பூசத்துக்கு முந்தி" என்பார்கள்! வீட்டில் கோயில் நாட்காட்டி தொங்குகிறதே, அதில் வட்டமிட்டு வையுங்கள். வலித்த நாளுக்கும் ஒரு கோடு போடுங்கள். போகும்போது அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வயிற்றின் மேல் ஸ்கேன் எடுப்பதென்றால் ஒரு மணி நேரம் முன்பே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சினைப்பை தெளிவாகத் தெரியும்.