மறுமொழியில் பிறக்கும் சிரிப்பு: தேவதர்ஷினியின் நடிப்பு



வாழ்நாள் முழுக்கத் தறியில் உழைத்த ஒரு தாயின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. இந்த மேடையில் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகை ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், அமைப்பாளர்கள் தயங்காமல் சரி என்றார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறி வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும். டிவி ஓடிக்கொண்டிருக்கும், நெய்கிறவர் அதைப் பார்க்க மாட்டார். கண் சேலையின் புட்டா வேலைப்பாட்டில் இருக்கும். இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். தொடர் முழுவதையும் காதாலேயே கேட்டு முடித்துவிடுவார். தறிச் சத்தத்தையும் தாண்டி அவரைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் முகபாவம் உதவாது. குரல் வேண்டும், சொல்லை எந்த நொடியில் போடுவது என்ற கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைத் தமிழர்களுக்குப் பழக்கியவர் மனோரமா. மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் தேர்ந்து, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகத் திரைக்கு வந்தவர். அவருக்குப் பின் கோவை சரளா கொங்குப் பேச்சையே தன் ஆயுதமாக்கிக்கொண்டார். இருவரையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர்களுக்கு அடுத்து, சின்னத்திரையில் தொடங்கி வளர்ந்தவர்களைப் பற்றித்தான் நாம் பேசவில்லை. அவர்களில் முதலில் வைக்க வேண்டியவர் தேவதர்ஷினி என்பது என் கருத்து.

கல்லூரியில் படிக்கும்போதே தொலைக்காட்சித் தொகுப்பாளராக வந்தவர் அவர். தூர்தர்ஷனில் ‘கனவுகள் இலவசம்’ தொடரில் நடித்தார். பிறகு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’. அந்தத் தொடரில் உடன் நடித்த சேத்தனையே பின்னர் மணந்துகொண்டார். குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டாலே ஊர் நடுங்கிய கதை அது. சிரிப்புக்கு அதில் அதிக இடமில்லை. அதே நாகா இயக்கிய ‘ரமணி vs ரமணி’யின் இரண்டாம் பாகத்தில்தான் அவருடைய நகைச்சுவை முழுமையாக வெளிப்பட்டது.

கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஒரு வீடு, அதற்குள் சின்னச் சின்னச் சண்டைகள், அவ்வளவுதான் கதை. கணவனாக ராம்ஜி பதறுவார், துள்ளுவார், பொய் சொல்லி மாட்டிக்கொள்வார். மனைவி கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டு முடித்ததும் ஒரு கணம் பொறுத்துப் பதில் சொல்வார். சிரிப்பு அந்தப் பதிலில்தான் வரும். பாவு எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் ஊடை ஓடினால்தானே சேலை? தேவதர்ஷினியின் நடிப்பு ஊடை. எதிரில் இருப்பவர் வசனத்தை அவருடைய மறுமொழிதான் நகைச்சுவையாக நெய்து தருகிறது.

2003இல் கரு. பழனியப்பனின் ‘பார்த்திபன் கனவு’ படத்தில் நகைச்சுவை நடிகர் விவேக்கின் மனைவியாக வந்தார். விவேக் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் காணாமல் போவது வழக்கம். இவர் காணாமல் போகவில்லை. குரலை உயர்த்தாமலே ஈடு கொடுத்தார்.

2011இல் வந்த ‘காஞ்சனா’வை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோவை சரளா மாமியார், தேவதர்ஷினி மருமகள். வீட்டில் பேய் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கும் இடத்தை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். சரளா அலறுவார், அவருடைய வழி அது. மருமகளும் அதே அளவுக்கு அலறினால் காட்சி வெறும் கூச்சலாகிவிடும். தேவதர்ஷினி முதலில் மாமியாரைப் பார்ப்பார், பிறகுதான் பயப்படுவார். அந்த அரை நொடித் தாமதம் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் வீட்டுக் காட்சிகளாக நடித்துத் தேர்ந்ததால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

2018இல் ‘96’. அதில் பள்ளித் தோழியாக இவரும், அதே பாத்திரத்தின் பள்ளிப் பருவத்தில் இவருடைய மகள் நியதியும் நடித்தார்கள். 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவத்தில் உமையாள் என்ற சென்னைப் போலீஸ் அதிகாரியாக வந்தபோது, வடநாட்டு ரசிகர்களும் இவர் யார் என்று கேட்டார்கள். அந்தப் பாத்திரத்தின் விறைப்புக்குள்ளும் அந்தப் பழைய மறுமொழிக் கணக்கு இருக்கிறது.

இப்படிப்பட்ட நடிப்பு நிலைக்க வேண்டுமென்றால் அதைப் பாதுகாக்கவும் வேண்டும். அமெரிக்காவில் லூசில் பால் என்றொரு தொலைக்காட்சி நகைச்சுவை நடிகை இருந்தார். 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது அதைப் பார்வையாளர்கள் முன்னால், மூன்று கேமராக்கள் வைத்து, ஃபிலிமிலேயே படம் பிடித்தார்கள். அப்படி எடுத்ததால்தான் எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தொடர் இன்றும் தெளிவாக ஓடுகிறது. கணவரோடு சேர்ந்து தொடங்கிய டெசிலு ஸ்டூடியோவை 1962இல் அவரே முழுதாக வாங்கி நடத்தினார். நம் ஊரில் நடிகை ராதிகா ராடான் நிறுவனத்தை நிறுவியது அந்த வகைத் துணிச்சல். ஆனால் சின்னத்திரையில் சிரிக்க வைத்த நடிகைகளில் பெரும்பாலோருக்குத் தாங்கள் நடித்த தொடரின் ஒரு பிரதிமீதுகூட உரிமையில்லை. பழைய தொடர்கள் பலவற்றை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. ‘மர்மதேசமும்’ ‘ரமணி vs ரமணி’யும் கிடைக்கின்றன என்றால், பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் அவற்றை யூடியூபில் ஏற்றி வைத்ததால்தான். மற்றவை கிடைக்காமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

சினிமா நகைச்சுவைக்கு ஆய்வேடுகள் உண்டு. தொலைக்காட்சியில் சிரிக்க வைத்த பெண்களுக்கோ ஒரு முறையான பட்டியல்கூட இல்லை. வாரம் தவறாமல் நம் வீட்டுக்குள் வந்து, களைப்பை மறக்க வைத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

இந்த அவையில் இருக்கும் கல்லூரி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது ஒரு சின்னத்திரை நகைச்சுவை நடிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நேரில் சந்தித்து, எந்தத் தொடரில் எப்படி ஒத்திகை பார்த்தார், டப்பிங் எப்படிப் பேசினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் பழைய கேசட்டில் ஏதாவது தொடர் பதிவாகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கணினியில் ஏற்றிப் பாதுகாத்து வையுங்கள்.