‘உங்க கலருக்கு இது எடுக்காது’

(மாணவர் கூட்டமொன்றில் ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்டைல் பற்றிப் பேசச் சொன்னார்கள். ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை இப்போது அழகுசாதனக் கம்பெனிகளே சொல்கின்றன. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ட்யூப் மட்டும் கடையில் அதே தட்டில்தான் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம்: நம்மை நாம் எப்போது வேண்டாம் என்று சொன்னோம்? சொன்னவர்கள் வேறு ஆட்கள். அதற்கு ஆணையே போட்டார்கள்.

திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். 1859இல் வந்த அரச அறிவிப்பைத் துணி வெட்டுகிற ஆளாகப் படித்துப் பாருங்கள். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம்; முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலக் கட்டலாம்; வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது! துணிக்கு அனுமதி, கட்டுக்குத் தடை. ஒரு பெண்ணின் தோளில் துணி எப்படி விழ வேண்டும் என்று ஓர் அரசாங்கமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட தடைகளில் சட்டை, பனியன், குடை, செருப்பு, கிராப், பெண்கள் வைக்கும் பூ எல்லாம் உண்டு.

1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் புடவைக் கட்டையும் நகைகளையும் விடச் சொன்னார் அம்பேத்கர். மேல்சாதியைக் காப்பி அடிக்கச் சொன்னாரா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்த்ததும் சாதி தெரிகிற கட்டை முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் கோட்டும் டையும் போட்டதை ஆடம்பரம் என்பவர்கள், எளிமையாக உடுத்துவதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. ஜவுளிக்கடை அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “உங்க கலருக்கு இது எடுக்காதும்மா, லைட்டா பாருங்க.” உடனே சந்தன நிறத்தையும் வெளிர் ரோஸையும் விரித்துப் போடுகிறார். தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், இது தப்பு. கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கறுத்த தோலில் அப்படி நிற்கும். நீலத்தைப் பற்றி இந்தக் கூட்டத்தில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன! கடையின் ட்யூப் லைட்டில் பாதி நிறம் தெரியாது. துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, தோளில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிளவுஸுக்கு அளவு எடுக்கும்போது, “கை கறுப்பா தெரியும், நீளமா வச்சிடவா?” என்று டெய்லர் அக்கா அக்கறையாகக் கேட்பார். உங்களுக்கு நீளக் கை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையா, “வேண்டாம்க்கா, ஸ்லீவ்லெஸ்” என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு சின்னப் பை தைக்கலாம்.