தெருக்கணக்கு
(மண்டபத்தூர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, 2022 ஜூலை 3இல் நம்ம காரைக்காலில் பொதுசுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். சில வாரங்களில் வயிற்றுப்போக்கில் விழுந்தவர்கள் 1,500க்கும் மேல். காலரா உறுதியானது. குடிநீர்க் குழாய் கசிந்து சாக்கடை கலந்திருக்கிறது. 'கொதிக்க வச்சுக் குடிங்க' என்றார்கள். விடிஞ்சதும் கூலிக்குப் போறவ எத்தனை குடம் கொதிக்க வைப்பா?

1854இல், காலராக் கிருமி எதுன்னே உலகம் ஒத்துக்காத காலத்தில், லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். தெருப் பம்பு ஒன்று மாட்டிக்கொண்டது.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் தணிக்கையில் விடமாட்டார்கள், வரிவரியா வேணும். நோய்க்கும் அந்தக் கணக்கு எடுக்கணும் மாணவர்களே: எந்தத் தெரு, ஊரா சேரியா, குழாய் எந்தச் சாக்கடைக்குள்ள போகுது, மாத்தி எத்தனை வருசம். நோட்டோட வீடுவீடாப் போவோம், ஐப்பசி மழைக்கு முன்னாடி.