பதிப்புத் துறையில் நம் பிள்ளைகள்

(பொன்விழாவை ஒட்டி நடந்த இளைஞர் சந்திப்பில் மலர்க் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



முதலில் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் சில வீடுகளில் இன்னும் இருக்கும். அதன் முன்பக்கங்களில் நிறுவனர்களின் படங்கள் வந்தன. அவற்றுள் இரண்டு படங்களுக்குக் கீழே பெயர் மாறிப்போனது. அச்சகத்தின் மேல் பழி இல்லை. படங்களைக் கொடுத்தவர்கள் நாங்கள்; கடையை அடைத்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து, கடைசிப் படியைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களும் நாங்கள்தாம். விழாவன்று மலரை வாங்கிச் சென்ற ஓர் அன்பர் மறுநாள் திரும்பி வந்தார். "அத்தா மவுத்தாகி மூணு வருசம் ஆச்சு. அவங்க படம் வந்த ஒரே புத்தகம் இதுதான். அதிலயும் வேற ஆள் பேரு போட்டிருக்கீங்களே" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருத்தச் சீட்டு அடித்து ஒட்டினோம். அதற்குள் பாதிப் படிகள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் அலோர் காஜாவுக்கும் போய்விட்டன.

அன்று எங்களிடம் பணம் இருந்தது, கட்டுரைகள் இருந்தன, ஆர்வம் இருந்தது. புத்தகம் செய்யத் தெரிந்த ஒரே ஓர் ஆள்தான் இல்லை. மெய்ப்பு பார்ப்பது என்றால் ஒற்றெழுத்துப் பார்ப்பது என்று நினைத்திருந்தோம். படத்தையும் பெயரையும், பொருளடக்கத்தையும் பக்க எண்ணையும் ஒத்துப் பார்ப்பதும் அந்த வேலைதான் என்று சொல்ல ஆளில்லை. நம் நாட்டில் வெளியாகும் நூல்களில் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது. அதுவும் எங்களுக்குத் தெரியாது. நூலுக்கு எண் கொடுப்பதும் அதே தேசிய நூலகம்தான், கட்டணம் கிடையாது. அந்த எண்ணையும் நாங்கள் வாங்கவில்லை. சட்டத்தையும் ஒட்டுச் சீட்டையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பாடநூலை எடுத்து, அட்டைக்கு அடுத்து வரும் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்தாளர் பெயரோடு பதிப்பாசிரியர், வடிவமைப்பாளர், ஓவியர் என்று பெயர்கள் இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் அது வேலை. அந்தப் பக்கத்தில் இடம் பெறாதவர்களும் உண்டு. மெய்ப்பு பார்ப்பவர், உரிமை ஒப்பந்தம் எழுதுபவர், அச்சகத்தில் தாள் கணக்குப் பார்ப்பவர், கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோய் விற்பவர், இப்போது மின்நூலாக்குபவர். நம் பிள்ளைகளிடம் புத்தகத் துறை என்றால் "எனக்குக் கதை எழுத வராதே, மாமு" என்கிறார்கள். கதை எழுத வராதவர்களுக்குத்தான் அந்தத் துறையில் இடம் அதிகம்.

இந்தத் தொழில் மலாக்காவுக்குப் புதிதன்று. நாம் தினம் போய்வரும் ஜாலான் முன்ஷி அப்துல்லாவை யாருடைய பெயரில் வைத்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முன்ஷி அப்துல்லா 1796இல் இதே மலாக்காவில் கம்போங் பாலியில் பிறந்தவர். அந்தப் 'பாலி' நம் 'பள்ளி'தான், பள்ளிவாசல். அவருடைய பாட்டியின் பெயர் பெரியாச்சி. முன்னோரில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம். அன்றைய மலாக்காவில் வணிகக் கணக்கு தமிழில் நடந்ததால், தகப்பனார் அவரைத் தமிழ் வாத்தியாரிடம் அனுப்பினார். இரண்டு ஆண்டுக்கு மேல் படித்தார். குர்ஆனுக்கு அரபு, வீட்டுக்கும் ஊருக்கும் மலாய், கடைத்தெருவுக்குத் தமிழ், பின்னால் ஆங்கிலம்.

1815இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்காவுக்கு வந்து சீன மொழியில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். 1817இல் அவருக்குத் துணையாக மெட்ஹர்ஸ்ட் வந்தார். அவர் முறையாக அச்சுத் தொழில் பழகியவர், அப்போது இருபத்தோரு வயது. அவரிடம்தான் அப்துல்லா எழுத்துக் கோக்கவும் அச்சுவேலை செய்யவும் கற்றுக்கொண்டார். இரண்டு பேருமே இளைஞர்கள் என்பதைக் கவனியுங்கள். கல்லூரிச் சான்றிதழோ நேர்முகத் தேர்வோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. நடந்துபோகும் தூரத்தில் அச்சுக்கூடம் இருந்தது, உள்ளே விட ஓர் ஆள் இருந்தார், கையில் பல மொழி இருந்தது. அப்துல்லாவின் தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் அச்சாகி வந்தது. மலாய் இலக்கியப் பாடத்தில் அவர் பெயரைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் அச்சுத் தொழில் தெரிந்தவர் என்று யாராவது சொல்லியிருந்தால் சந்தோஷம்.

தாய்நாட்டிலும் நம்மவர்களுக்கு இந்த வழி உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஓலைச்சுவடியாகக் கிடந்தது. காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதைப் பதிப்பித்து 1842இல் அச்சேற்றினார்கள். அதன் பிறகு 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார். நம் நாட்டிலேயே, நம் காலத்தில் வாழ்ந்த சை. பீர்முகம்மது அவர்கள் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேடித் தொகுத்து 'வேரும் வாழ்வும்' என்று வெளியிட்டார். பினாங்கில் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் ஓர் இதழ் நடத்தியது, நூல்கள் போட்டது. இவர்கள் எல்லோரும் எழுத்தை நாலு பேர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்தவர்கள்.

இந்த வேலை இருக்கிறது என்று அசகானில் இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாங்கள் ஒரு முறை வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழாவுக்கு அழைத்துப் போனோம். 1981 முதல் நடந்துவரும் விழா. நுழைவுக் கட்டணம் இல்லை. சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் போய், கூட்டத்தில் இடிபட்டு, ஆளுக்கு ஐந்தாறு புத்தகம் வாங்கி, இரவு வந்து சேர்ந்தோம். நல்ல பயணம்தான். ஆனால் ஒரு பிள்ளையாவது புத்தகம் செய்கிறவர் ஒருவரிடம் பேசியிருக்குமா? இல்லை. வாங்க வருகிறவர்களுக்காக நடக்கும் விழா அது. வேலை தேடுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு மேசை வேண்டும் என்பது அப்போது எங்களுக்கே தோன்றவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். அங்கே பதிப்பகங்கள் பெரும்பாலும் லண்டனில் குவிந்தவை. 1949இல் இளம் பதிப்பாளர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அதற்கு இன்று ஆக்ஸ்போர்டிலும் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கிளைகள் உண்டு. துறைக்குள் நுழைந்து சில ஆண்டே ஆனவர்கள், சம்பளம் வாங்காமல், தங்கள் வட்டாரத்தில் ஒரு மாலை கூட்டம் போடுகிறார்கள். "எனக்கு இந்த வேலை இப்படிக் கிடைத்தது, முதல் மாதம் இப்படித் தவறு செய்தேன்" என்று புதியவர்களிடம் பேசுகிறார்கள். பெரிய பேச்சாளர் யாரும் தேவைப்படவில்லை. நேற்று நுழைந்தவர் நாளை நுழையப்போகிறவரிடம் பேசினால் போதும். கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் 2012இல் பதிப்புத் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. தலைநகரில்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. காலச்சுவடு நாகர்கோவிலில் இருந்துகொண்டு உலகப் புத்தகச் சந்தைகளுக்குப் போய்வருகிறது.

பக்கத்திலேயே பாருங்கள். பினாங்கின் அரேகா புக்ஸ் சிறிய பதிப்பகம். அதை நடத்தும் கூ சல்மா நசுத்தியோன், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த நம் சூலியா மக்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் பெரிய நூலாக எழுதி 2014இல் வெளியிட்டார். பினாங்கிலேயே பதிப்பகம் இருந்ததால் பினாங்குக் குடும்பங்களின் படங்களும் பத்திரங்களும் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தன. நம் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் எழுந்தது. நம் வீட்டுப் பெட்டிகளில் ரஜூலா கப்பல் டிக்கெட்டும், தோட்டத்து மளிகைக் கடையின் பற்றுக் கணக்கும், கறையான் தின்றது போக மீதிப் படங்களும் கிடக்கின்றன. அவற்றைப் புத்தகமாக்கத் தெரிந்த பிள்ளை நம் மத்தியிலிருந்து வர வேண்டாமா?

தகப்பன்மார்களின் கேள்வி எங்களுக்குத் தெரியும். "சோறு போடுமா?" ஒளிக்காமல் சொல்கிறோம். தமிழ்ப் புத்தகம் மட்டும் போட்டுப் பிழைப்பது கடினம். சில நூறு படிகள் விற்பதே பாடு. ஆனால் பாடநூல், பயிற்சி நூல், சமய நூல், மொழிபெயர்ப்பு என்று சம்பளம் தரும் வேலைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. குர்ஆன் அச்சிடுவதற்கு நம் நாட்டில் தனிச் சட்டமே உண்டு; ஓர் எழுத்தும் புள்ளியும் பிசகாமல் சரிபார்க்க வேண்டிய வேலை அது. மெர்லிமாவில் படிக்கும் நம் பிள்ளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், மாலைச் சமய வகுப்பில் ஜாவியும் அரபும். இத்தனை எழுத்தையும் படிக்கத் தெரிந்த பிள்ளை எஸ்.பி.எம். முடித்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று உறவுக்காரர் உணவகத்தில் கல்லாவில் உட்காருகிறது. கல்லாவைக் குறை சொல்லவில்லை. நாங்களும் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் அப்துல்லாவிடம் இருந்த அதே முதல் இந்தப் பிள்ளையிடமும் இருக்கிறது. அச்சுக்கூடத்தின் கதவு எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஆகவே பொன்விழா ஆண்டில் மலாக்காவிலேயே ஒரு நாள் கூட்டம் நடத்த எண்ணியிருக்கிறோம். பேச்சு குறைவாக, மேசைகள் அதிகமாக. ஒரு மேசையில் மெய்ப்பு பார்ப்பவர், ஒன்றில் ஓவியர், ஒன்றில் அச்சகக்காரர், ஒன்றில் மொழிபெயர்ப்பாளர், ஒன்றில் புத்தகக் கடைக்காரர். பிள்ளைகள் மேசை மேசையாகப் போய்க் கேட்கட்டும். சம்பளம் எவ்வளவு என்றும் கூச்சமில்லாமல் கேட்கட்டும். இனம், மதம் பார்க்க வேண்டாம். அக்கம்பக்கத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் வரட்டும். ஜாசின், பத்தாங் மலாக்கா, அசகான் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேன் ஏற்பாடு சங்கத்தின் பொறுப்பு. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் கூடவே வாருங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் இந்தத் துறையில் எத்தனை என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் கைவேலை ஒன்று காத்திருக்கிறது. இந்தப் பொன்விழா மலரின் முதல் மெய்ப்பு வந்துவிட்டது. மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு மேசைகளில், சிவப்புப் பேனாவோடு வைத்திருக்கிறோம். வெள்ளிவிழா மலரில் பெயர் மாறிய அந்த இரண்டு பெரியவர்களின் படங்களும் இதில் மறுபடி வருகின்றன. அஸர் தொழுகை முடிந்ததும் விருப்பமுள்ள பிள்ளைகள் அங்கே வாருங்கள். அந்தப் பக்கத்தை முதலில் பார்க்கப்போகிறவர், அன்று திரும்பி வந்தாரே, அந்த அன்பரின் பேத்தி. படத்தை அடையாளம் காட்ட அவரும் கூடவே வந்திருக்கிறார்.

வஸ்ஸலாம்.